தொடாமல் செய்யும் தவறு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை எனக்கு முன்னே பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். "ஐயா, பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி விளையாட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று விழாக் குழுவினர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே கூடைப்பந்து நடுவரின் வேலையில் இரண்டே இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டெக்னிக்கல் பவுல். மற்றொன்று, தனி எறி. அதாவது, பிரீ துரோ. இந்த இரண்டும் ஒழுங்காகப் புரிந்துவிட்டால் விளையாட்டு மட்டுமல்ல, வீட்டிலும் வெளியிலும் எப்படி நடந்துகொள்வது என்பதும் பாதி புரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

'கூடைப்பந்தா? அது சீனப்பள்ளி விளையாட்டாச்சே' என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் மாலை நேரமானால் சீனப்பள்ளித் திடல்களில் பந்து குதிக்கும் சத்தம் கேட்பது உண்மைதான். நம் பிள்ளைகள் காற்பந்துக்கும் வலைப்பந்துக்கும் கபடிக்கும் ஓடுவார்கள். ஆனால் தமிழர்க்கும் கூடைப்பந்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் படித்து வந்த இடம் ஸ்பிரிங்பீல்டு. கூடைப்பந்து பிறந்ததும் அதே ஸ்பிரிங்பீல்டு பயிற்சிப் பள்ளியில்தான். பிறந்த வீட்டிலிருந்து நேராகத் தமிழ்நாட்டுக்கு வந்த விளையாட்டு இது. நந்தனத்தில் உள்ள அந்தக் கல்லூரியில் பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்து, 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆகவே மாணவிகளே, இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

இந்த ஆட்டம் ஏன் பிறந்தது என்று தெரிந்தால் நடுவரின் விசில் ஏன் ஊதுகிறது என்பதும் தெரிந்துவிடும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கடுங்குளிர். வெளியே ஆட முடியாத இளைஞர்கள் கட்டடத்துக்குள்ளே அடைந்து கிடந்து ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முரட்டுத்தனம் இல்லாத ஓர் ஆட்டம் வேண்டும் என்று ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் சொல்லப்பட்டது. அவர் யோசித்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால்தானே மற்றவன் இழுத்துத் தள்ளுகிறான்? ஆகவே பந்தோடு ஓடக்கூடாது என்றார். இலக்கு தரையில் இருந்தால்தானே பலங்கொண்ட மட்டும் அடிக்கிறான்? ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே 10 அடி உயரத்தில் வைத்தார். பீச் பழக் கூடை இரண்டைச் சுவரோரம் மாட்டினார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு 9 பேராக 18 மாணவர்கள் ஆடினார்கள். ஆத்திரத்தை அடக்குவதற்கென்றே பிறந்த ஆட்டம் இது!

அந்த 13 விதிகளில் ஓர் அழகான பிரிவினை இருக்கிறது. ஆட்டக்காரர்களின் நடத்தையைப் பார்க்க ஒருவர். பந்தைப் பார்க்க மற்றொருவர். ஆட்களுக்கு ஒரு நீதிபதி, பந்துக்கு ஒரு நீதிபதி! அப்போது தனி எறி என்பதே கிடையாது. ஒரு குழு தொடர்ந்து மூன்று தவறு செய்தால் எதிர்க்குழுவுக்கு ஒரு கோல் என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்த சில ஆண்டுகளில்தான் தனி எறி வந்தது. கூடைப் பலகையிலிருந்து 15 அடி என்ற தூரமும் 1890களிலேயே நிலைபெற்றுவிட்டது. இன்றைய அளவில் அது 4.60 மீட்டர்.

இனி, தவறு என்றால் என்ன? தள்ளுவது, பிடிப்பது, கையில் தட்டுவது, ஓடுகிறவனை இடிப்பது ஆகியவை உடல்பட்டுச் செய்யும் தவறுகள். ஆட்டத்தின் வேகத்தில் நல்ல பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். அதனால்தான் பன்னாட்டு விதி ஓர் ஆட்டக்காரனுக்கு ஐந்து தவறு வரை கணக்கு வைக்கிறது. ஐந்தாவது தவறோடு அவன் வெளியே போய் உட்கார வேண்டும். 10 நிமிடப் பகுதி ஒன்றில் ஒரு குழு நான்கு தவறுக்கு மேல் செய்தால், அதன் பிறகு எதிரியைத் தடுக்கையில் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் எதிர்க்குழுவுக்கு இரண்டு தனி எறி. இதையெல்லாம் நீங்கள் திடலிலேயே கற்றுக்கொள்வீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு வகை. ஒருவரையும் தொடாமலே செய்கிற தவறு! அதற்குத்தான் டெக்னிக்கல் பவுல் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ இயந்திரக் கோளாறு மாதிரி இருக்கிறது. நான் தமிழில் அதை 'நடத்தைத் தவறு' என்றுதான் சொல்வேன். நடுவரிடம் மரியாதையில்லாமல் பேசுவது, எச்சரித்த பிறகும் அதையே செய்வது, எதிரியைச் சீண்டுவது, பார்வையாளர்களைத் தூண்டிவிடுவது, எதிரி பார்க்க முடியாதபடி அவன் கண்ணுக்கு நேரே கையை ஆட்டுவது, கூடைக்குள் விழுந்த பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு நேரத்தைக் கடத்துவது, யாரும் இடிக்காமலே இடித்துவிட்டதாகக் கீழே விழுந்து நடிப்பது ஆகியவை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை கால் வலுவாலோ கை வலுவாலோ நடப்பவையல்ல. வாயாலும் முகத்தாலும் நடப்பவை.

இன்னொன்றையும் கேளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரன் எழுந்து நின்று கத்தினால் அந்தத் தவறு யார் பெயரில் எழுதப்படும் தெரியுமா? பயிற்றுநர் பெயரில்! பிள்ளை பேசியது, பதிவு வாத்தியார் கணக்கில். அப்படிப் பெஞ்சிலிருந்தும் தம்மிடமிருந்தும் தவறு சேர்ந்துகொண்டே போனால் பயிற்றுநரே திடலை விட்டு வெளியேற வேண்டி வரும். 'நான் என்ன பேசினாலும் அது என்னோடு போச்சு' என்று யாரும் நினைக்க முடியாது. நாம் வெளியிலே பேசும் ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் நம் வீட்டின் கணக்கிலோ பள்ளியின் கணக்கிலோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, நல்ல நடுவர் இதை எப்படிக் கையாளுகிறார்? வாய் திறந்தவுடனே விசில் ஊதிவிடுவாரா? இல்லை. விதிப்புத்தகமே நடுவருக்கு ஒரு வழி காட்டுகிறது. வேண்டுமென்று செய்யாத சிறு தவறு, ஆட்டத்தை நேராகப் பாதிக்காத தவறு என்றால் எச்சரித்து விடலாம், காணாததுபோலவும் இருந்துவிடலாம். எச்சரித்த பிறகும் அதே தவறு திரும்பி வந்தால்தான் தண்டனை. அனுபவமுள்ள நடுவரைக் கவனித்துப் பாருங்கள். முதல் முறை ஒரு பார்வை. அடுத்தது பந்து நின்றிருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய், "தம்பி, போதும். ஆட்டத்தைப் பாரு" என்று மெதுவாக ஒரு சொல். அதற்கும் மேலே போனால் குழுத் தலைவனையும் பயிற்றுநரையும் கூப்பிட்டு, "உங்க பையனைக் கொஞ்சம் அடக்கி வையுங்க" என்பார். பலருக்கு அதுவே போதும். எல்லை மீறிய வசவு என்றாலோ, அடிக்கக் கை ஓங்கினாலோ இந்தப் படிகளுக்கெல்லாம் இடமில்லை, உடனே விசில்தான்.

விசில் ஊதிவிட்டால் நடுவர் விவாதம் செய்யமாட்டார். ஒரு கையை விரித்து அதன்மேல் மற்றொரு கையின் விரல்நுனிகளை வைத்து ஆங்கில 'டி' எழுத்தைப்போலக் காட்டுவார். கோபமாக நிற்கும் பையனைவிட்டு விலகி, பதிவு மேசைக்கு நேராகப் போவார். சட்டை எண்ணைக் கைவிரல்களால் காட்டுவார். என்ன தவறு, என்ன தண்டனை என்று காட்டுவார். அவ்வளவுதான். முறைத்துப் பார்ப்பதில்லை, விரலை முகத்துக்கு நேரே நீட்டுவதில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதில்லை. தண்டனை கொடுப்பவர் தாமே கோபத்தில் இருந்தால், தவறு செய்தவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

இப்போதைய பன்னாட்டு விதிப்படி டெக்னிக்கல் பவுலுக்குத் தண்டனை ஒரே ஒரு தனி எறி. 2014-க்கு முன்பு இரண்டு எறியும் அதன்மேல் பந்தும் எதிர்க்குழுவுக்குப் போனது. இன்று அப்படியில்லை. அந்த ஒரு எறி முடிந்ததும், பவுல் நடந்தபோது பந்து யாரிடம் இருந்ததோ அவர்களிடமே திரும்பக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்கிறது. எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடித்திருக்கிறது. தவறுக்கு விலை உண்டு, அந்த விலையைக் கட்டியாகிவிட்டது, இனி ஆடு! பழையதைச் சுமந்துகொண்டு திரியாதே என்று விதியே சொல்கிறது. ஆனால் அதே ஆட்டத்தில் இரண்டாவது முறையும் டெக்னிக்கல் பவுல் வாங்கினால் அந்த ஆட்டக்காரன் வெளியேதான் போக வேண்டும். மன்னிப்பு உண்டு, அளவும் உண்டு.

"ஒரு எறிதானே, ஒரு புள்ளிதானே, போனால் போகிறது" என்று சொல்லாதீர்கள். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இறுதி ஆட்டம். வட கரோலினா 73, மிச்சிகன் 71. மீதம் 11 விநாடி. பந்து மிச்சிகனின் கிறிஸ் வெப்பர் கையில். இரண்டு பேர் அவரை மூலையில் மடக்கிவிட்டார்கள். உடனே அவர் கையால் சைகை காட்டி ஓய்வு நேரம் கேட்டார். ஆனால் மிச்சிகன் தன் ஓய்வு நேரங்களை எல்லாம் முன்பே பயன்படுத்தி முடித்துவிட்டிருந்தது! இல்லாத ஓய்வைக் கேட்டால் அங்குள்ள கல்லூரி விதிப்படி டெக்னிக்கல் பவுல். இரண்டு தனி எறி, பந்தும் எதிர்க்குழுவுக்கு. டொனால்ட் வில்லியம்ஸ் இரண்டையும் போட்டார். ஆட்டம் 77-71 என்று முடிந்தது.

வெப்பர் யாரையும் திட்டவில்லை, யாரையும் தள்ளவில்லை. எண்ணிக்கையை மறந்ததுதான் நடந்தது. நடுவருக்கு அவர்மேல் என்ன பகை? ஒன்றுமில்லை. விதி இருந்தது, ஊதினார். நமது பன்னாட்டு விதியில் இந்தச் சங்கடம் வராது. அங்கே ஆட்டக்காரன் ஓய்வு கேட்க முடியாது. பயிற்றுநர்தான் மேசையிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் மேசையே இல்லை என்று சொல்லிவிடும். ஆனாலும் பாடம் ஒன்றுதான். பதற்றத்தில் இருக்கும் ஒருவனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஞாபகப்படுத்த வேண்டும். "ஓய்வு இல்லைடா, பந்தை விடாதே" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் கூட்டாளிக்கு அழகு.

இப்போது தனி எறிக்கு வருவோம். கூடைப்பந்தில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். தனி எறி வந்தால் மட்டும் அத்தனை பேரும் நின்றுவிடுகிறார்கள். ஒருவன் கோட்டுக்குப் பின்னே தனியாக நிற்கிறான். யாரும் அவனைத் தடுக்கக்கூடாது. கூடை அசையாது. தூரம் மாறாது. நடுவர் எத்தனை எறி என்று விரலால் காட்டிவிட்டுப் பந்தைக் கையில் தருகிறார். ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். எறிவதுபோல் பாசாங்கு செய்து எதிரியை ஏமாற்றக்கூடாது. பக்கக் கோடுகளில் நிற்பவர்கள், எறிபவன் கையை விட்டுப் பந்து போகும்வரை உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது. அந்த ஐந்து பேரில் மூவர் தடுக்கும் குழு, இருவர் எறியும் குழு. எதிரி சத்தம் போட்டோ கையை ஆட்டியோ கெடுத்து, பந்தும் விழாமல் போனால், நடுவர் மறுபடியும் எறியச் சொல்வார்.

உடல்பட்ட தவறுக்கு வரும் தனி எறியை, அடிபட்டவனே எறிய வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குழுவில் நன்றாக எறியும் ஒருவனையே எல்லா எறிகளுக்கும் நிறுத்தி வைப்பார்கள். 1920களில் அமெரிக்காவில் அது மாறி, யாருக்கு அநியாயம் நடந்ததோ அவனே எறிய வேண்டும் என்று விதி வந்தது. அதனால் ஒவ்வொருவனும் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் டெக்னிக்கல் பவுலுக்கு மட்டும் எதிர்க்குழு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். பக்கத்தில் ஒருவரும் வரிசையாக நிற்கமாட்டார்கள். அவர்களில் மிக நன்றாக எறிபவன் தனியாக வந்து, நிதானமாக நின்று, உன் வாயால் வந்த அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு போவான். அதை உன் நண்பர்கள் நான்கு பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்து நிற்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

தனி எறியை எப்படிப் பழகுவது? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யுங்கள். கோட்டில் காலை அதே இடத்தில் வையுங்கள், பந்தை அதே எண்ணிக்கையில் தட்டுங்கள், ஒரு மூச்சு, முழங்காலை மடக்கி எழுந்து எறியுங்கள். நம் பக்கம் கடற்காற்று வீசும் வெளித்திடல்தான் அதிகம். காற்றைத் திட்டிப் பயனில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1936-இல் பெர்லின் நகரில் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கூடைப்பந்து அதிகாரபூர்வமாக இடம்பெற்றபோது, இறுதி ஆட்டம் திறந்தவெளியில் கொட்டும் மழையில்தான் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. அவ்வளவுதான் புள்ளி! கொட்டும் மழையிலும் ஆட்டம் நடந்து முடிந்தது.

'மற்றவர் சிரிப்பார்களே' என்ற பயம் இருக்கிறதே, அது காற்றைவிடப் பெரிய எதிரி. வில்ட் சேம்பர்லேன் என்ற மாபெரும் ஆட்டக்காரர் 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அன்று 32 தனி எறிகளில் 28 உள்ளே விழுந்தன. அப்போது அவர் பந்தை இரண்டு கையாலும் கீழிருந்து மேலே தூக்கி எறிந்துகொண்டிருந்தார், நம் பாட்டிமார் வாளியில் தண்ணீரை வீசுவார்களே, அந்த மாதிரி. பிறகு, பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்று அந்த முறையையே விட்டுவிட்டார். தனி எறியில் அவர் நிலையும் தாழ்ந்தது. ரிக் பேரி என்ற மற்றொருவர் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. கடைசிவரை அப்படியே எறிந்து பத்துக்கு ஏறத்தாழ ஒன்பதை உள்ளே போட்டார். பிள்ளைகளே, வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்கள் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நடுவரின் தீர்ப்பு தவறு என்று தோன்றினால் என்ன செய்வது? அடக்கமாக இரு என்றால் வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று அர்த்தமா? இல்லவே இல்லை. இதுதான் இன்று நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது.

1972-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். சோவியத் நாடு 49, அமெரிக்கா 48. மீதம் 3 விநாடி. அமெரிக்காவின் டக் காலின்ஸ் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது இடித்துத் தள்ளப்பட்டுக் கூடைக் கம்பத்தின் அடியில் போய் விழுந்தார். இரண்டு தனி எறி. தலை கிறுகிறுக்க எழுந்து வந்து முதல் எறியைப் போட்டார். 49-49. இரண்டாவதை எறியப்போகும் நேரத்தில் மேசையிலிருந்து ஒலி கேட்டது. அவர் கலங்கவில்லை, அதையும் போட்டார். 50-49. உலகத்துத் தனி எறிகளிலே அதைவிடக் கடினமானவை அதிகம் இருக்க முடியாது.

ஆனால் குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தனி எறிகளையொட்டி ஓய்வு நேரம் கேட்டோம், கொடுக்கவில்லை என்று சோவியத் பயிற்றுநர்கள் மேசைக்கு ஓடினார்கள். 1 விநாடி இருக்கையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. உலகக் கூடைப்பந்து அமைப்பின் பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து, கடிகாரத்தை 3 விநாடிக்குத் திருப்பச் சொன்னார். மறுபடி ஆடினார்கள். கடிகாரம் சரியாகத் திருப்பப்படவில்லை என்று மூன்றாவது முறையும் ஆடச் சொன்னார்கள். இந்த முறை நீண்ட பந்து ஒன்று அலெக்சாண்டர் பெலோவ் கைக்கு வந்தது. அவர் போட்டார். 51-50. பிரேசில் நாட்டு நடுவர் ரிகெட்டோ புள்ளித்தாளில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஐவர் குழு 3-2 என்று தள்ளுபடி செய்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

யார் சரி, யார் தவறு என்று இன்றும் வாதிடுகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். ஒன்று, அன்று ஆட்டம் கெட்டது ஆட்டக்காரர்களால் அல்ல. மேசைக்கும் நடுவருக்கும் இடையே செய்தி சரியாகப் போகாததால்தான். ஆகவேதான் நல்ல நடுவர் தனி எறிக்குப் பந்தைக் கொடுக்கும் முன் மேசையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்: யாராவது ஓய்வு கேட்டிருக்கிறார்களா, ஆள் மாறுகிறதா, கடிகாரம் நின்றிருக்கிறதா என்று. இரண்டாவது, அத்தனை கொதிப்பிலும் மறுப்பு ஒரு மேல்முறையீடாகத்தான் போனது. கையெழுத்து மறுக்கப்பட்டது, பதக்கம் மறுக்கப்பட்டது, கை ஓங்கப்படவில்லை.

இன்றைய விதியும் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. பந்து நின்றிருக்கும்போது குழுத் தலைவன் நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். "சார், அந்தத் தவறு எந்த எண்ணுக்கு?" என்று கேட்டால் எந்த நடுவரும் கோபிக்கமாட்டார். ஆட்டத்தின் முடிவே பாதிக்கப்பட்டது என்று கருதினால், ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் தலைவன் புள்ளித்தாளில் அதற்கென்று உள்ள இடத்தில் கையெழுத்திட்டு மறுப்பைப் பதிவு செய்யலாம். அந்தக் கட்டம் எல்லாப் புள்ளித்தாளிலும் அச்சடிக்கப்பட்டே இருக்கிறது. கேள்வி கேட்பது குற்றமில்லை. கேட்கும் முறை தெரியாமல் கத்துவதுதான் குற்றம்.

இங்கே வந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு இது உடனே புரியும். தோட்டத்தில் பால் நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். கிராணி எடை பார்த்து எழுதுவார். எடை குறைவாகத் தோன்றினால் என்ன செய்தீர்கள்? விவரம் தெரிந்தவர் அங்கேயே நின்று, "ஐயா, தராசை இன்னொரு வாட்டி பாருங்க" என்று கேட்டார். விவரம் தெரியாதவர் அங்கே பேசாமல் இருந்துவிட்டு, லயத்துக்கு வந்து கத்தினார். கத்தியவருக்குச் சம்பளம் கூடவில்லை. தராசைப் பார்க்கச் சொன்னவருக்குத்தான் நியாயம் கிடைக்க வழியிருந்தது. விதியைத் தெரிந்து வைத்திருப்பது, சரியான நேரத்தில் சரியான ஆளிடம் கேட்பது, கேட்டதை எழுத்தில் பதிவது: இந்த மூன்றும் நம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், நாளைக்கு இடைநிலைப் பள்ளியிலும் வேலையிடத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் அவர்களை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. போட்டி நாளில் திடலோரம் நின்று, "ஏய் ரெப்ரி, கண்ணு தெரியலையா?" என்று நாம் கத்தும்போது நடுவர் மட்டுமா கேட்கிறார்? நம் பிள்ளையும் கேட்கிறது. ஊதுகிறவர் பல சமயம் இருபது வயதுப் பையனாகவோ, வேறு வேலை முடித்து வந்த ஆசிரியையாகவோ இருப்பார். இரண்டு போட்டியில் இப்படி ஏச்சு வாங்கினால் மூன்றாவது போட்டிக்கு அவர் வரமாட்டார். நடுவர் இல்லையென்றால் போட்டி இல்லை. போட்டி இல்லையென்றால் நம் பிள்ளைக்குத் திடல் இல்லை. பிள்ளை தவறினால் தட்டிக்கொடுங்கள். நடுவர் தவறினால் பயிற்றுநர் வழியாகக் கேளுங்கள். நாவடக்கத்தைப் பிள்ளைகளுக்குக் குறள் பாடத்தில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது; திடலோரத்திலும் செய்து காட்ட வேண்டும்.

தலைமையாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலரைப் பதிவு மேசையில் உட்கார வையுங்கள். ஒருவர் புள்ளி எழுதட்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒருவர் தவறுகளை எண்ணட்டும். ஓட முடியாத பிள்ளைக்கும், உயரம் குறைந்த பிள்ளைக்கும் அங்கே இடமுண்டு. கணக்கு வரும், கவனம் வரும், நேர்மை வரும். தன் நண்பன் செய்த தவறையும் தன் கையாலேயே எழுதிப் பழகும் பிள்ளை பிற்காலத்தில் தராசைச் சாய்க்காது. பள்ளிக்கு இதில் செலவு என்று பார்த்தால் ஒரு விசில், ஒரு கடிகாரம், சில தாள்கள். அவ்வளவுதான்.

1990-ஆம் ஆண்டில் பெண்களுக்கான உலகக் கூடைப்பந்துப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அமெரிக்கா யூகோஸ்லாவியாவை வென்று கிண்ணத்தைப் பெற்றது. உலகமே நம் வாசலுக்கு வந்து ஆடிய ஆட்டம் இது. நம் பிள்ளைகளும் அந்தத் திடலில் இறங்கட்டும். சீன, மலாய் நண்பர்களோடு சேர்ந்து ஆடட்டும். ஆடத் தெரிந்தவர்கள் ஆடட்டும். விதி தெரிந்தவர்கள் விசிலை எடுக்கட்டும். மூவினப் பிள்ளைகளும் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு தமிழ்ப்பெண் நடுவராக நின்று, எச்சரிக்க வேண்டிய இடத்தில் எச்சரித்து, ஊத வேண்டிய இடத்தில் ஊதி, எல்லாரும் அந்தத் தீர்ப்பை ஏற்று ஆடினால், அதைவிடப் பெரிய பரிசு இந்தப் பள்ளிக்கு வேறென்ன வேண்டும்?

இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களே, உங்களுக்கும் என் வாழ்த்துகள். தனி எறிக் கோடு யாருக்கும் தூரத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எல்லாருக்கும் அதே 15 அடிதான். நாளை மாலையே பழகத் தொடங்குங்கள்.